மூன்றாவது தூண்

டமார் என்று ஒரு சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அபாயமணியும் அலற ஆரம்பித்தது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த டெய்லரம்மா தூக்கிவாரிப் போட எழுந்தாள். கையிலிருந்த டீ பாதி மேஜைக்கும் பாதி புடவைக்கும் போனது. திரையில் சிவப்பு எழுத்து பளிச் பளிச்சென்று அடித்தது: சுரங்கத்தில் வண்டி தடுப்பில் மோதிவிட்டது.

சுரங்கத்துக்குள் இந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார்.

மாஸ்டர்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

ஓடி முடிப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிடலாம். டெய்லரம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அவள் படித்துப் பட்டம் வாங்கிய வானியல்காரி. நட்சத்திரங்களின் சுற்றளவு எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று அளப்பது அவள் வேலை. சேர்ந்த புதிதில் கேன்டீனில் யாரோ, "சட்டை எப்பம்மா ரெடியாகும்?" என்று கேட்கப்போய், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதே கேன்டீன்தான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்தது. நாளடைவில் ஸ்டேஷன் உதிர்ந்து வெறும் மாஸ்டராகிவிட்டார்.

வானாய்வகத்துக்குள் எதற்குத் தண்டவாளம் என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் நட்சத்திரம் ஒரு புள்ளிதான். புள்ளியை எப்படி அளப்பது? இரண்டு தொலைநோக்கிகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, இரண்டிலும் விழும் ஒரே நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து ஓர் அறையில் ஒன்றோடு ஒன்று சேர்ப்பார்கள். சேர்ந்தால் கருப்பும் வெளுப்புமாக வரிகள் விழும். நட்சத்திரம் சின்னதென்றால் வரிகள் பளிச்சென்று இருக்கும். பெரியதென்றால் சாயம் போன துணி மாதிரி வெளிறிவிடும். எவ்வளவு வெளிறியது என்பதை வைத்து, எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

ஒரே நிபந்தனை. இரண்டு வெளிச்சமும் ஒரே சமயத்தில் வந்து சேர வேண்டும். வானம் நகர நகர ஒன்றின் பாதை நீளும், மற்றொன்றின் பாதை குறுகும். அதைச் சரிக்கட்டத்தான் சுரங்கமும் தண்டவாளமும். கண்ணாடி பூட்டிய வண்டி ஒன்று அதன்மேல் இராப்பொழுதெல்லாம் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். தலைமுடியைக் கீறிப் பிளந்தால் வரும் அளவுக்குக்கூட அது குலுங்கக் கூடாது. குலுங்கினால் வரி வெளிறும். வரி வெளிறினால் நட்சத்திரம் உள்ளதைவிடக் குண்டாகத் தெரியும்.

அந்தத் தண்டவாளம் குலுங்காமல் இருப்பதற்குத்தான் மாஸ்டர் தன் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தார்.

இப்போது அவர் அதே தண்டவாளத்தின் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது கையில் ஒரு பழந்துணியைச் சுற்றிப் பிடித்திருந்தார். துணி சிவந்துகொண்டிருந்தது. வண்டி தடுப்பில் மூக்கை இடித்துக்கொண்டு, கோணலாக நின்றது.

"விரலு ரெண்டு லேசா நசுங்கிடுச்சும்மா. ஒண்ணும் இல்ல," என்றார். அவளைப் பார்க்காமல் தடுப்பையே பார்த்தார். "நிறுத்துற சுவிட்ச கழட்டி வெச்சுட்டுச் சுத்தம் பண்ணேன். திருப்பி மாட்ட மறந்துட்டேன். மறந்துட்டு வண்டிய விட்டுருக்கேன், பாருங்க. நான்."

அந்தக் கடைசி 'நான்' அவள் நெஞ்சில் நேராக வந்து தைத்தது. இந்த மனிதர் சுவிட்சை மறக்கிற ஆளா? கேன்டீனில் டீ குடித்துவிட்டுக் கோப்பையைக் கூட மேஜை விளிம்புக்கு இணையாக வைக்கிறவர். அவரை இப்படி ஆக்கியது யார்?

யார் என்று அவளுக்குத் தெரியும். போன வாரத்திலிருந்தே தெரியும்.

*

முதலுதவி அறையில் நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது டெய்லரம்மா வெளியே வராந்தாவில் நின்றாள். நின்றாள் என்றுதான் பெயர். கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை.

நடந்தது இதுதான்.

அவளுடைய நட்சத்திரம் வருஷத்தில் கொஞ்ச காலம்தான் அளப்பதற்கு வாகாக வரும். அந்தக் காலம் நெருங்கியபோது அவளுக்குக் குழந்தை பிறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. விடுப்பு மிச்சம் இருந்தது. ஆனாலும் வந்துவிட்டாள். இயக்குநர் மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் மகன் பிறந்தபோது தானும் இப்படித்தான் சீக்கிரமே திரும்பி வந்ததாகவும், ஒரு ராத்திரியைக்கூடத் தவறவிட்டதில்லை என்றும் சொன்னார். பாராட்டா, எச்சரிக்கையா என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று, தனக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, எல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று டெய்லரம்மா அடித்துச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் பார்த்துக்கொண்டது அவள் கணவன். அவன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன், பொறுமைசாலி. ஆனால் குட்டிக்குப் பால் அவனால் சுரக்க முடியாதே. வேலைக்கு நடுவில் அவள் எடுத்துவைத்தால்தான் மறுநாள் பகலுக்கு ஆகும். எடுக்காவிட்டால் மார்பு கல்லாகக் கனத்து, உயிர் போகும்.

எங்கே உட்கார்ந்து எடுப்பது? கட்டுப்பாட்டு அறை நிறைய ஆண்கள். கழிப்பறை அடுத்த கட்டடத்தில். போய் வருவதற்குள் திரையில் என்னென்னவோ ஆகிவிடும்.

மாஸ்டரிடம்தான் போய் நின்றாள். கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால் வெளிச்சக் குழாய்கள் போகும் நடை ஒன்று உண்டு. இருட்டிய பிறகு அங்கே யாரும் போகக் கூடாது, மனித உடம்பின் சூடே காற்றைக் கலைத்துவிடும் என்பது விதி. அதன் சாவி அவரிடம் இருந்தது. தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார இடம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மாஸ்டர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையோடு போனில் கொஞ்சுவதற்கு என்று தானாக நினைத்துக்கொண்டார். கூட்டிப் போய்க் காட்டினார், ஒரு ஸ்டூலையும் கொண்டுவந்து போட்டார்.

"பிள்ளைகிட்ட எவ்ளோ வேணாலும் பேசிக்கங்க. கண்ணாடிப் பக்கம் மட்டும் மூச்சு விட்டுடாதீங்க," என்றார்.

நடையில் வரிசையாக நின்ற தூண்களில் மூன்றாவதற்குப் பக்கத்தில் சுவரில் பழைய மாதிரி பிளக் பாயின்ட் ஒன்று இருந்தது. அது கட்டடத்தின் எந்த வரைபடத்திலும் இல்லையாம். தான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது, எந்தப் புண்ணியவான் எதற்கு வைத்தான் என்று தெரியவில்லை என்று மாஸ்டர் அன்றைக்கே அலுத்துக்கொண்டார். டெய்லரம்மா அந்தப் புண்ணியவானை மனசுக்குள் கும்பிட்டாள். பால் எடுக்கும் பம்பின் வயர் அதற்குச் சரியாக எட்டியது. பம்பை வைப்பதற்கும் தோதாக, இடுப்பு உயரத்தில், தட்டையான தலையோடு அந்த சிமென்ட் தூண் நின்றது.

தூணின் மறுபக்கத்தில், நட்சத்திர வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி இருந்தது.

அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். பாடமே நடத்துவாள். ஆனால் மாரில் பால் கட்டிக்கொண்டு, வீட்டில் குட்டி அழுமே என்று காதுக்குள் ஒரு அழுகை கேட்டுக்கொண்டே இருக்கும்போது, உள்ளங்கை அகல பம்பு ஒன்று அந்தப் பெரிய தூணை அசைக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அசைத்தது.

முடிவுகள் வந்தபோது அவளுடைய நட்சத்திரம், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடக் குண்டாக இருந்தது. குண்டென்றால் புதுச் செய்தி. மேடம் முதல்முறையாக அவள் தோளைத் தட்டினார். மேடத்தின் அறைச் சுவரில் பெரிய சட்டம் போட்ட படமொன்று தொங்கும். இளமையில் அவர் அளந்த நட்சத்திரம், அவரைப் பெரிய ஆளாக்கிய நட்சத்திரம். அதுவும் கணக்கைவிடக் குண்டுதான். பிற்பாடு வேறு இடங்களில் அளந்தவர்கள் எல்லாம் சற்றுச் சின்னதாகவே சொன்னார்கள். அவர்களுடைய கருவிக்குக் கண் பார்வை போதாது என்று மேடம் ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார். "உன்னுதும் என்னுது மாதிரியே வந்திருக்கு," என்று அன்றைக்கு அவர் சொன்னபோது டெய்லரம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கட்டுரை எழுதி அனுப்பினாள். அடுத்த வருஷத்துக்கும் அவள் வேலை நீடிக்கும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் அந்த முள் வந்தது.

ராத்திரி முழுவதுக்குமான பதிவைச் சேர்த்து ஒரு வரைபடம் போட்டபோது, நடுவில் ஒரு கோடு முள் மாதிரி நிமிர்ந்து நின்றது. எங்கேயோ எதுவோ ஒரே சீராக அதிர்கிறது என்று அர்த்தம். அதிர்வின் வேகம் மாறினால் முள் நிற்கும் இடமும் மாறும். என்னவாக இருக்கும் என்று கூடிப் பேசியபோது, தண்டவாளமாக இருக்கலாம் என்று முதலில் வாய் திறந்தவள் டெய்லரம்மாதான். சத்தியமாக அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் முகம் சுண்டிப் போனது. பகலில் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மட்டம் பார்த்து, இருட்டுமுன் மறுபடி பூட்ட ஆரம்பித்தார்.

அவள் அளவு தப்பாகுமோ என்று யாரோ கேட்டார்கள். தப்பாகாது என்று மேடமே பதில் சொன்னார். ஒவ்வொரு நட்சத்திரத்தை அளப்பதற்கு முன்னும் பின்னும், பக்கத்தில் அளவு தெரிந்த குட்டி நட்சத்திரம் ஒன்றையும் பார்ப்பது வழக்கம். அதற்கு ஒப்பீடு என்று பெயர். தராசில் வெறும் தட்டை வைத்துப் பார்ப்பது மாதிரி. கருவி நடுங்கினால் ஒப்பீட்டிலும் அதே நடுக்கம் இருக்கும். இதைக் கொண்டு அதைக் கழித்துவிடலாம். கணக்கு சரியாகிவிடும்.

இரண்டிலும் நடுக்கம் இருந்தால்தானே?

போன வாரம் டெய்லரம்மாவுக்கு மாரில் புண்ணாகிவிட்டது. பம்பின் வேகத்தை ஒரு பொத்தான் குறைத்துவைத்தாள். மறுநாள் வரைபடத்தில் முள், இருந்த இடத்திலிருந்து நகர்ந்து நின்றது.

அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு ராத்திரிப் பதிவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தாள். அவளுடைய நட்சத்திரத்தின் துண்டுகளில் முள் இருந்தது. ஒப்பீட்டின் துண்டுகளில் இல்லை. ஒன்றில்கூட இல்லை. ஏன் இருக்கும்? ஒப்பீடு சட்டென்று முடிகிற வேலை, அவள் மேஜையில் இருந்து கையால் செய்ய வேண்டும். நட்சத்திரம்தான் தானாக நீண்ட நேரம் ஓடும். அப்போதுதான் அவள் எழுந்து மூன்றாவது தூணுக்குப் போவாள். தராசில் சாமானை வைக்கும்போது மட்டும் தட்டை விரலால் அழுத்திய மாதிரி.

நட்சத்திரம் குண்டில்லை. சாதாரண உடம்புதான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாள். பம்பைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். வண்டி நிறுத்தும் இடத்தில், கண்ணாடிக்குத் துப்பட்டாவைத் திரை போட்டுக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து எடுத்தாள். முள் போய்விடும், மாஸ்டர் ரிப்பேர் பண்ணிச் சரியாகிவிட்டது என்று அவருக்கு நல்ல பெயர் வரும், எல்லோருக்கும் நல்லது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

முள் போனது. மாஸ்டர் தண்டவாளத்தைப் பூட்டி முடித்த அதே நாளில் போனது.

போனதும் என்ன ஆயிற்று தெரியுமா? பார்த்தீர்களா, தண்டவாளம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியானால் இத்தனை காலம் கோணலான தண்டவாளத்தையா வைத்திருந்தார்? இவரை நம்பியா எல்லோரும் அளந்துகொண்டிருந்தோம்? அவளுடைய கெட்டிக்காரத்தனம் மாஸ்டரின் கழுத்தில் சுருக்காக விழுந்தது. இன்று மத்தியானம் அவரைச் சுரங்க வேலையிலிருந்து விலக்கி, வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பதற்குக் கூட்டம்.

*

கைபேசி அதிர்ந்தது. கணவன்.

குட்டி குடித்துவிட்டுத் தூங்குவதாகச் சொன்னான். அவள் குரலைக் கேட்டதும் நிறுத்தினான். வீட்டில் அவனுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். முதல் நாள் அவள் அழுதுகொண்டே சொன்னபோது, குட்டி குடிக்க வேண்டிய பாலையெல்லாம் குடித்துத்தான் உன் நட்சத்திரம் குண்டாயிருக்கிறது என்று சிரித்தவன். இன்றைக்கு விரல் நசுங்கிய கதையைக் கேட்டதும் சிரிக்கவில்லை.

"இங்க பாரு," என்றான். "சொல்றதா இருந்தா சொல்லு. சொல்லலன்னா, இனிமே மாஸ்டர் பேச்ச வீட்ல எடுக்காத. ரெண்டுல ஒண்ணு. நீ தூக்கத்துல 'தண்டவாளம், தண்டவாளம்'னு புலம்பினா குட்டி முழிச்சுக்குது."

"சொன்னா வேலை போயிடும்."

"போகும்."

"பால் எடுத்தேன்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்லணும்."

"அதுல என்ன திருட்டு இருக்கு? திருட்டு வேற எடத்துல இருக்கு," என்றான். வைத்துவிட்டான்.

மாஸ்டர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேம்மா," என்றார் மெதுவாக. "அந்த முள்ளு போச்சுல்ல? மறுபடி வரலையே?"

"வரல, மாஸ்டர்."

"அப்ப என் தண்டவாளம்தான்." தலையை ஆட்டிக்கொண்டார். "நான் மட்டம் வெச்சுப் பாக்கும்போது முன்னாடியும் சரியாத்தான் இருந்துச்சு. இப்பவும் அதே மாதிரிதான் தெரியுது. ரெண்டுக்கும் வித்தியாசமே எனக்குத் தெரியல. அப்ப கண்ணுல கோளாறுதானே? பொண்ணு சொல்லிட்டே இருந்தா, கண்ண காட்டுங்கப்பா, காட்டுங்கப்பான்னு. நாந்தான் கேக்கல. அதான் இன்னிக்கு மறுபடி போய்ப் பாத்தேன். சுவிட்சும் மறந்து போச்சு. கண்ணு போனா மறதியும் கூட வரும் போல."

டெய்லரம்மா அவர் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர், அந்த முள்ளு..."

"கூட்டத்துல நீங்க ஒண்ணும் பேசாதீங்க," என்று அவர் குறுக்கே புகுந்தார், குரலைத் தாழ்த்தி. "சாவி விஷயம் வெளிய வரக் கூடாது. இருட்டினப்புறம் உள்ள போனீங்கன்னு தெரிஞ்சா உங்களுக்குத்தான் கெட்ட பேரு. எனக்கு எப்படியும் போகப்போகுது. நீங்க சின்னப் பொண்ணு. பிள்ளைக்காரி."

அவர் அவளைக் காப்பாற்றுகிறாராம். இதற்கு அவள் காலை வாரிவிட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி வாயைத் திறப்பதற்குள் வராந்தா முனையில் கலகலவென்று சத்தம் கேட்டது. நிர்வாக அதிகாரி. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி ஆடும். அதனால் அவருக்கு அந்தப் பெயர்தான்: சாவிக்கொத்து. மேடம் கூப்பிடுகிறார், எல்லோரும் வரலாம் என்றார்.

டெய்லரம்மா ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு தன் அறைக்குப் போனாள். நாற்காலிக்குக் கீழே இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

*

மேடத்தின் அறை குளிர்ந்து கிடந்தது. கண்ணாடி மேஜை, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர், பின்னால் சுவரில் அந்தப் படம். கருப்பு வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் தளதளவென்று ஒரு நட்சத்திரம்.

மேடம் மாஸ்டரின் கையைப் பார்த்து விசாரித்தார். உண்மையான அக்கறையோடுதான் விசாரித்தார். பிறகு சாவிக்கொத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, நீண்ட கால சேவை, பாராட்டு, வயது, கவனக்குறைவு, இன்றைய விபத்து என்று பூ வைத்துப் பூ வைத்துக் கடைசியில் கத்தியைச் செருகினார். தண்டவாளப் பராமரிப்பு வெளியே போகிறது. மாஸ்டர் இனிமேல் கிடங்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா மாஸ்டர்?" என்று மேடம் கேட்டார்.

"இல்லீங்க. மேடம் சொல்றது சரிதான்," என்றார் மாஸ்டர். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அதன்மேல் பொத்திக்கொண்டார்.

அவர் அப்படிப் பொத்தியதைப் பார்த்ததும் டெய்லரம்மா நிமிர்ந்தாள்.

"சரி இல்ல மேடம்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "முள்ளுக்குக் காரணம் தண்டவாளம் இல்ல. நான்."

பையைத் திறந்தாள். பம்பை எடுத்தாள். கண்ணாடி மேஜையில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். வயரைச் சுவரில் செருகிப் பொத்தானை அழுத்தினாள்.

க்ர்க், க்ர்க் என்று அது பூனை மாதிரி உறும ஆரம்பித்தது. டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாகச் சின்ன அலைகள் எழுந்தன.

சாவிக்கொத்து எட்டிப் பார்த்தார். "என்னங்க இது? மீன் தொட்டிக்கு வைக்கிறதா?"

"தாய்ப்பால் எடுக்குறது சார்."

அவர் முகம் படிப்படியாகச் சிவந்து, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரை விசிறிக்குப் போனது. சாவிக்கொத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு சாவியாக எண்ண ஆரம்பித்தார்.

டெய்லரம்மா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். நடைக்குள் போனதைச் சொன்னாள். சாவியைத் தான்தான் கெஞ்சி வாங்கியதாகச் சொன்னாள். வேகத்தைக் குறைத்ததும் முள் நகர்ந்ததைச் சொன்னாள். காருக்கு ஓடியதைச் சொன்னாள். ஒரு வாரமாகத் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொல்லும்போது மட்டும் மாஸ்டர் பக்கம் திரும்ப முடியாமல், மேஜையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல மாஸ்டர். முன்னாடியும் சரியா இருந்துச்சு, இப்பவும் சரியா இருக்கு. அதனாலதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல."

மாஸ்டர் அவளைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். கோபம் வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை. அவர் தோள்கள்தான் மெல்லக் கீழே இறங்கின, ரொம்ப தூரம் சுமந்த மூட்டையை இறக்கிவைத்த மாதிரி.

"கட்டுரைய திரும்ப வாங்கிடுறேன் மேடம்," என்றாள். "அளவு தப்பு."

"அளவு எப்படித் தப்பாகும்?" மேடத்தின் குரல் வழக்கமான கறாரோடு வந்தது. "அதிர்வு இருந்தா ஒப்பீட்டுலயும் இருந்திருக்கும். கழிஞ்சு போயிருக்கும்."

"ஒப்பீட்டுல இல்ல மேடம். ஒப்பீடு ஓடும்போது நான் மேஜைல இருக்கணும். நட்சத்திரம் தானா ஓடும்போதுதான் எந்திரிச்சுப் போக முடியும். அதனால நட்சத்திரத்துல மட்டும்தான் அதிர்வு. எப்பவும் நட்சத்திரத்துல மட்டும்தான்."

மேடம் மேஜைப் பக்கம் சாய்ந்தார்.

பம்பு உறுமிக்கொண்டே இருந்தது. மேடம் டம்ளரில் ஓடும் வளையங்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, எங்கே என்று தேடாமல், பக்கவாட்டில் இருந்த பொத்தானைத் தொட்டு அணைத்தார். தண்ணீர் அடங்கியது.

"எந்தத் தூண்?" என்று கேட்டார்.

"மூணாவது மேடம்."

"மேல வெச்சியா?"

"ஆமா. தட்டையா இருந்துச்சு. உயரமும் சரியா இருந்துச்சு."

"ம். சரியாத்தான் இருக்கும்," என்றார் மேடம். குரலில் இருந்த கறார் எங்கே போனது என்று தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஆரஞ்சு நட்சத்திரம் தளதளவென்று அவரைப் பார்த்தது.

சாவிக்கொத்து மெல்ல, அப்படியானால் இந்த உத்தரவை என்ன செய்வது என்று கேட்டார். கிழித்துப் போடுங்கள் என்று மேடம் திரும்பாமலேயே சொன்னார். மாஸ்டர் நாளைக்கே சுரங்கத்துக்குப் போகட்டும், கை ஆறட்டும், அவரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். டெய்லரம்மா தன் தீர்ப்புக்காகக் காத்து நின்றாள். அது வரவே இல்லை. மேடத்தின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் முதுகு, இப்போது நாற்காலிக்குள் கொஞ்சம் அமிழ்ந்திருந்தது.

அவளுக்கு ஏதாவது உதவலாம் என்று மாஸ்டர்தான் பேசினார்.

"அந்தப் பொண்ணு மேல மட்டும் தப்பு இல்லீங்க மேடம். சாவி கொடுத்தவன் நான். அப்புறம் அங்க பிளக் பாயின்ட்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா இந்த வம்பே வந்திருக்காது. எந்த வரைபடத்துலயும் இல்லாத பிளக் பாயின்ட்டுங்க அது. எவன் வெச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

மேடம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் வெக்கச் சொன்னேன் மாஸ்டர். என் பையனுக்கு அப்ப நாலு மாசம்."